எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர்

நான் கோலார் தங்கவயல்காரன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் விரல்களைப் பார்ப்பார்கள், மோதிரம் இருக்கிறதா என்று! "உங்க ஊர்ல மண்ணைத் தோண்டினாலே தங்கமாமே?" என்று கேட்டவர்கள் உண்டு. 2018-இல் கே.ஜி.எஃப். திரைப்படம் வந்த பிறகு கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. "படத்துல காட்டினதெல்லாம் நிஜமா?" என்கிறார்கள். சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் அப்பாவின் விரலில் ஒருநாளும் தங்கம் இருந்ததில்லை. அம்மாவின் கழுத்தில் இருந்த கொஞ்சமும் பாதி நாள் ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரை தங்கத்தைப் பற்றியது அல்ல. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் சுவரில் ஓர் ஓவியம் வரைவதற்கு ஏற்பாடு செய்த கதை. நம் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறோம், விவரமாக எழுதுங்களேன்" என்று அன்பர்கள் சிலர் கேட்டார்கள். எங்களுக்கு நேர்ந்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

சுவர் காலியாக இருந்தது

சாம்பியன் ரீஃப் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டி இருக்கிறது எங்கள் பள்ளி. காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் மைதானத்துக்கு எதிரே ஒரு நீளச் சுவர். 42 அடி நீளம், 9 அடி உயரம். எங்கள் காலத்தில் அதில் கரிக்கோட்டால் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடுவோம். அவ்வளவுதான் அந்தச் சுவருக்கு இருந்த பெருமை.

அந்தப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் பதினோரு பேர் இப்போது பெங்களூரில் இருக்கிறோம். எங்களில் பாதிப் பேர், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் பல ஆண்டுகள் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவர்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கத்தை மூடியபின் தங்கவயலைத் தாங்கிப் பிடித்தது அந்த ரயில்தான். இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய் வருகிறார்கள்.

ஒருமுறை பள்ளிக்குப் போயிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்குப் பின்னால் தெரிகிற வெண்மையான சயனைட் மேட்டைக் காட்டி, "அது என்ன தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "சினிமா ஷூட்டிங் எடுக்கிற எடம்" என்றான். அவன் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு அது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன்மேல் குற்றமில்லை. சுரங்கம் ஓடியதை அவன் அப்பாவே சிறுவனாகத்தான் பார்த்திருப்பார்.

அன்று இரவே நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சுவரில் சுரங்கத்தை வரைய வேண்டும் என்று முடிவாயிற்று. அது 2022 மார்ச் மாதம்.

முதல் தவறு

காசு சேர்ந்ததும் அவசரப்பட்டோம். பெங்களூரில் ஒருவரிடம் மொத்தமாக வேலையை ஒப்படைத்தோம். படம் இன்னதென்று தீர்மானிக்கக்கூட இல்லை. "கே.ஜி.எஃப். தீம் போட்டுத் தருகிறோம்" என்றார்கள், சரி என்றோம். சுவரின் கீழ்ப்பகுதியில் பூச்சு உதிர்ந்திருந்ததால் புதிதாகச் சிமெண்டு பூசினார்கள். பூசிய நான்காம் நாளே அதன்மேல் வண்ணம் ஏறிவிட்டது. ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. படமும் பளபளவென்றுதான் இருந்தது.

ஆகஸ்டு மாதம் தலைமையாசிரியர் கைப்பேசியில் ஒரு புகைப்படம் அனுப்பினார். மழைக்குப் பிறகு சுவரில் உப்புப் பூத்து, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வண்ணம் அப்பளமாகப் பொரிந்து நின்றது. தொட்டால் கையோடு வருகிறது என்றார். வேலை செய்தவர்களைக் கேட்டால், "சுவர் உங்களுடையது, சுவரில் ஈரம் இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். மேலே நாயக்கர் காலத்தில் வரைந்த ஓவியப் பூச்சு மூடியிருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே வெகுகாலம் தெரியவில்லை. 1931-இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமிதான் கண்டுபிடித்தார். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்ததால், வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகி, ஆயிரம் ஆண்டு நிற்கிறது. எங்கள் படம் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோழர் வேலைக்கு ஈரச் சுண்ணாம்பு அவசியம். இன்றைய எமல்ஷன் வண்ணத்துக்கு ஈரம் பரம எதிரி. புதிய சிமெண்டுப் பூச்சு குறைந்தது 28 நாளாவது காய வேண்டும். சிமெண்டில் இருக்கும் காரம் தணியுமுன் வண்ணம் பூசினால் நிறமும் மாறும், உரிந்தும் போகும். இதைச் சொல்லித் தந்தவர்தான் எங்கள் இரண்டாவது ஓவியர்.

ஓவியர் கிடைத்தார்

அவர் ராபர்ட்சன்பேட்டைக்காரர். அறுபது வயதை நெருங்குகிறவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. இவர் சிறுவயதிலேயே தூரிகை பிடித்து, தங்கவயல் தியேட்டர்களுக்கும் பங்காருப்பேட்டை தியேட்டர்களுக்கும் சினிமா பேனர் வரைந்தவர். "பத்தடி முகம்னா ஒரு ராத்திரி சார். காலையில ரசிகருங்க மாலை போடுவாங்க. படத்துக்குத்தான், எனக்கில்ல" என்று சிரித்தார்.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. கையால் வரைய மூன்று நாள் ஆகிற பேனரை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் துப்பியது. சுரங்கம் மூடி அப்பாவுக்கு வேலை போன அதே காலத்தில் மகனுக்கும் வேலை போயிற்று. வண்டி நம்பர் பிளேட், கடைப் பெயர்ப்பலகை, கோயில் சுதை வேலைக்கு வண்ணம் என்று கிடைத்ததைச் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 2009-இல் பெங்களூர் மாநகராட்சி முக்கியச் சாலைகளின் சுவர்களில் ஓவியம் வரையத் தொடங்கியபோது, இவரைப் போன்ற பேனர் ஓவியர்கள் பலருக்கு அந்த வேலை கிடைத்தது. சென்னையிலும் அந்தக் காலகட்டத்தில்தான் அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை அகற்றிவிட்டு ஓவியம் வரைந்தார்கள். இவரும் பெங்களூரில் இரண்டு மாதம் வரைந்தாராம்.

"என்ன வரைஞ்சீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"புலி, அருவி, ஹம்பித் தேரு. குடுத்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சோம் சார். எங்க ஊரு மைன்ஸை வரையச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

சுவரைப் பார்த்ததும் அவர் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிப்பக்கத்தைச் சாவியால் சுரண்டினார். சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "குழாய்த் தண்ணி இங்கதான் தேங்குது. முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க. அப்புறம் படம்" என்றார். தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினோம். மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சை உடைத்தெறிந்து, நீர்க்காப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசினோம். 2024 ஜனவரியில் பூசிய சுவரை ஏப்ரல் வரை தொடவில்லை. எங்கள் செலவில் ஏறக்குறைய பாதி சுவருக்கே போயிற்று. அது வீண் செலவு என்று முதலில் முணுமுணுத்தவன் நான்தான்.

யாரை வரைவது?

சுவர் காய்ந்துகொண்டிருந்த மூன்று மாதமும் எங்களுக்குள் ஒரே சண்டை!

ஓவியர் முதலில் ஒரு மாதிரிப் படம் போட்டுக் கொண்டுவந்தார். நடுவில் கட்டுமஸ்தான ஓர் இளைஞன். கையில் பெரிய சம்மட்டி. இன்னொரு கையில் விளக்கு. சுற்றிலும் தங்கக் கட்டிகள் ஜொலிக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பள்ளி மேம்பாடு மற்றும் கண்காணிப்புக் குழுவினருக்கும் பிடித்துவிட்டது. அரசுப் பள்ளியில் சுவரைத் தொட வேண்டுமானால் அந்தக் குழுவின் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போட இருந்த நேரத்தில்தான், "சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலரையும் கூப்பிட்டுக் காட்டலாமே" என்றார் தலைமையாசிரியர். அவர் முள்பாகல் பக்கத்துக் கன்னடக்காரர். அவருக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பெரியவர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்த ஒரு தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னாப்பா இது? இவ்ளோ தங்கத்தை நான் கண்ணால பார்த்ததே இல்லியே!" என்றார். அவர் 33 ஆண்டுகள் உள்ளே வேலை செய்தவர். சுரங்கத்தில் தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. பாறையில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்திருக்கும். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைத்தது சில கிராம்தான். அப்படி அரைத்து அரைத்து 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். அது நேராக ஊரைவிட்டுப் போயிற்று. வேலை முடிந்து மேலே வருகிறவர்களை உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள்.

பிறகு அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். விளக்கைக் கையில் பிடித்தால் வேலை செய்வது எப்படி? விளக்கு தலைக்கவசத்தின் நெற்றியில் இருக்கும். அதிலிருந்து ஒயர் முதுகுப்பக்கமாக இறங்கி இடுப்பு பெல்ட்டில் உள்ள பேட்டரிக்குப் போகும். ஒற்றை ஆள் நின்று சம்மட்டி அடிப்பதெல்லாம் சினிமாவில்தான். துளைபோடும் இயந்திரத்தில் கூட ஓர் ஆள் இல்லாமல் முடியாது. "ஒருத்தனைத் தனியா வரையாதப்பா. உள்ள யாரும் தனியாப் போகமாட்டோம்" என்றார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியசுக்கு மேல். "பனியனைப் பிழிஞ்சா தண்ணி கொட்டும். அந்த வேர்வையை வரைய முடியுமா உன்னால?" என்று ஓவியரைப் பார்த்துக் கேட்டார். ஓவியர் தன் படத்தை மெல்லச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அப்போதுதான் வாய் திறந்தார். கணவரைச் சுரங்க விபத்தில் இழந்தவர். "ஆம்பளைங்களை மட்டும்தான் போடுவீங்களா?" என்றார். பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே லைன் வீடுகள் அதிரும். அலமாரியில் இருக்கும் பாத்திரம் உருண்டு விழும். "பாத்திரம் உருண்டா அடுப்பை அணைச்சிட்டு ஓடுவோம். ஷாப்டு வாசல்ல போய் நிப்போம். கூண்டு மேல வர வர ஒவ்வொரு முகமாப் பார்ப்போம். அதையும் போடுங்க" என்றார்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. என் அம்மா அப்படி ஓடியதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா கூண்டில் ஏறி வந்துவிட்டார். அன்று வராதவர்களும் உண்டு.

தலைவர் படமும் தமிழ் எழுத்தும்

அடுத்த சண்டை தலைவர்கள் படம். அம்பேத்கர் வேண்டும் என்றார்கள் சிலர், பெரியார் என்றார்கள் சிலர், தொழிற்சங்கத் தலைவர்களைச் சொன்னார்கள் இன்னும் சிலர். அயோத்திதாசப் பண்டிதரை விடக்கூடாது என்றார் ஒரு பெரியவர். அதில் நியாயமும் உண்டு. பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் முக்கியமானவை. சென்னையில் அவர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பிறகு, 1920-களில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புக்கு வந்த மக்கள், இங்கே அச்சகமும் புத்தகசாலையும் நடத்தினார்கள். நாம் வெளியூரில் இருந்துகொண்டு இதழ் நடத்துவதற்கு அவர்கள்தான் முன்னோடி என்பேன்.

ஆனால் ஒரு தலைவரை வரைந்தால் இன்னொரு தலைவரை விட்டதாகும். சுவர் நாற்பது அடிதான். சுவரில் சுலோகமாகத் தமிழில் ஏதாவது எழுத வேண்டும் என்று எங்களில் சிலரும், கர்நாடக அரசுப் பள்ளியில் அதனால் வீண் பேச்சு வரும் என்று சிலரும் வேறு மோதிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் ஒருவரோடொருவர் பேசாமல்கூட இருந்தோம்.

வழி சொன்னவர் ஓவியர். லைன் வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கிறார், சுற்றிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று வரைந்து காட்டினார். பத்திரிகையின் மேலே ‘தமிழன்’ என்ற நான்கு எழுத்து. தலைமையாசிரியரிடம் தயங்கித் தயங்கிக் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "அந்தப் பேப்பரோட பேரு அதுதானே? வேற என்ன எழுதுவீங்க?" என்றார். விவகாரம் அதோடு தீர்ந்தது.

அறிவியல் ஆசிரியைக்கும் ஓர் ஆசை இருந்தது. 1965-இல் இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகளைக் கண்டறிந்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இடங்களில் எங்கள் ஊர் ஒன்று. "கண்ணுக்கே தெரியாததை எப்படி டீச்சர் வரையறது?" என்றார் ஓவியர். "அது எதையும் துளைச்சுக்கிட்டுப் போகும். அதை மட்டும் காட்டுங்க" என்றார் அவர். வானத்திலிருந்து வீடு, பாறை, மனிதர் எல்லாவற்றையும் கடந்து போகிறாற்போல மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் கேட்பது அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

கடைசியில் சுவரை இரண்டாகப் பிரித்தோம். மேல்பாதி பூமிக்கு மேலே: சுரங்கக் கோபுரம், லைன் வீடுகள், திண்ணை, அடுப்படியில் உருளும் பாத்திரத்தைத் திரும்பிப் பார்க்கும் பெண், ரயில். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் கொண்டுவந்த கம்பங்களும் உண்டு. கீழ்ப்பாதி பூமிக்கு அடியில்: கூண்டு, சுரங்கப் பாதை, வேர்வையில் நனைந்த மனிதர்கள். தங்கம் எங்கும் இல்லை.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம்

இந்தமுறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம். ஓவியர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அப்போது நான் படித்த ஒரு செய்தியைச் சொன்னேன்.

மெக்சிகோ நாட்டு ஓவியர் டியகோ ரிவேரா 1932-33இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் 27 பகுதிகளாக ஒரு மாபெரும் சுவரோவியம் வரைந்தார். பணம் கொடுத்தவர் ஃபோர்டு கார் நிறுவனத்தைச் சேர்ந்த எட்சல் ஃபோர்டு. ரிவேரா தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்து, உழைக்கும் தொழிலாளர்களையே நாயகர்களாக வரைந்தார். பத்திரிகைகள் எதிர்த்தன, அழிக்கச் சொன்னார்கள். ஃபோர்டு அசையவில்லை. ஓவியம் இன்றும் இருக்கிறது. அதே ரிவேரா 1933-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டடத்தில் வரைந்தபோது லெனின் முகத்தைச் சேர்த்தார். எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். முழுப் பணத்தையும் கொடுத்து வேலையை நிறுத்தி, 1934-இல் சுவரோடு இடித்துவிட்டார்கள். ஒரே ஓவியர், இரண்டு சுவர். படம் இன்னதென்று இரு தரப்பும் மனதார ஒத்துக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும்.

ஓவியர் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதுங்க சார். ஓரத்துல என் பேரு போட்டுக்கணும்" என்றார். முப்பது ஆண்டுகளாக வரைந்த பேனர்களில் கம்பெனி பேர்தான் இருந்ததாம். அதை முதல் நிபந்தனையாக எழுதினோம்.

இதுபோலச் செய்ய விரும்பும் அன்பர்களுக்காக எங்கள் ஒப்பந்தத்தின் சாரம்:

1. வண்ணத்தோடு கூடிய மாதிரிப் படம், அளவு போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். பிறகு மாற்றம் கேட்டால் அதற்குத் தனிக் கூலி.
2. சுவர்ப் பழுது, சாரம், வண்ணம், ஓவியர் கூலி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். மொத்தமாகப் பேசினால் மட்டமான வண்ணம் வரும்.
3. பணம் நான்கு தவணை. மாதிரிப் படம் முடிவானதும், சுவரில் கோடு போட்டதும், பாதி முடிந்ததும், முழுதும் முடிந்ததும்.
4. வெளிச்சுவருக்கென்று விற்கும் அக்ரிலிக் எமல்ஷன் மட்டுமே. மேற்கு வெயில் படும் சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். காவி, மண்மஞ்சள் போன்றவை நிற்கும்.
5. இரண்டு மழைக்காலத்துக்குள் உரிந்தால் ஓவியர் திருத்தித் தர வேண்டும். சுவரில் தண்ணீர் புகுந்தால் அது பள்ளியின் பொறுப்பு.

இருபத்தாறு நாள்

2024 ஏப்ரல் கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. காகிதத்தில் ஓர் அங்குலம் என்றால் சுவரில் ஓர் அடி. நீலம் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துத் தெறித்து 378 கட்டங்கள் போட்டார்கள், ஓவியரும் அவர் மருமகனும். ஒவ்வொரு கட்டமாகப் படத்தை ஏற்றினார்கள். சினிமா பேனருக்கும் இதே முறைதானாம். காலை 6 மணி முதல் 11 வரை, பிறகு மாலை 4-க்கு மேல். நடுப்பகல் வெயிலில் சுவர் சுட்டு, தூரிகையில் இருக்கும்போதே வண்ணம் காய்ந்துவிடும்.

இன்னொரு தொல்லை எங்கள் ஊருக்கே உரியது. காற்றுக் காலத்தில் சயனைட் மேட்டுத் தூசி ஊரெல்லாம் பறக்கும். ஈர வண்ணத்தில் ஒட்டினால் நரநரவென்று ஆகிவிடும். அதனால் ஆடிக் காற்றுக்கு முன் முடித்தே தீர வேண்டும் என்று அவசரம். ஒருநாள் திடீரென்று காற்று கிளம்பி, வானப்பகுதி முழுவதும் மறுபடி பூச வேண்டியதாயிற்று.

தாத்தா தினமும் காலையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பேட்டரி ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பாட்டி ஒரே ஒருநாள் வந்தார். அடுப்படியில் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் முன் வெகுநேரம் நின்றார். "மூக்குத்தி வேணாம்பா. அடகுல இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓவியர் அன்றே அழித்தார்.

பிள்ளைகளின் கைகள்

பள்ளி திறந்ததும் ஒரு சிறு விழா வைத்தோம். சுவரின் அடிப்பகுதியில் ஓர் அடி அகலத்துக்கு வெறும் காவிப் பட்டை விட்டிருந்தார் ஓவியர். பிள்ளைகள் உள்ளங்கையில் வண்ணம் தோய்த்து அதில் வரிசையாகப் பதிக்கட்டும் என்பது அவர் யோசனை. எந்தப் பள்ளியிலும் செய்கிறதுதானே என்று நாங்களும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகள் வரிசையில் நின்றபோது தாத்தா என்னைக் கையைக் காட்டி அழைத்தார். "1930-ல ஸ்டிரைக் நடந்துச்சு, தெரியுமா?" என்றார். எனக்குக் கேள்விப்பட்ட ஞாபகம்தான். சுரங்கத் தொழிலாளர் அத்தனை பேரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. குற்றவாளிகளிடம் வாங்குவதுபோல எங்களிடம் ரேகை வாங்குவதா என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் சுரங்கம் நின்றது. அந்தக் கூட்டத்தில் தாத்தாவின் அப்பாவும் ஒருவராம்.

எனக்குத் திக்கென்றது. தெரியாத்தனமாக ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று, "வேண்டாம்னா நிறுத்திடலாம் தாத்தா" என்றேன்.

அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சிறுமி நீல வண்ணத்தில் கையைத் தோய்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவன் கேட்டான், எங்கப்பன் குடுக்கல" என்றார் தாத்தா. "இதுங்க தானா வெக்குதுங்க. வெக்கட்டும்."

பிறகு மெதுவாக எழுந்து வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொண்டார். சுவரின் வலது கோடியில், ஓவியரின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கை இருக்கிறது. தங்கவயல் பக்கம் போகும் அன்பர்கள் அவசியம் பாருங்கள்.